சைக்கிளுக்குத் தனிப் பாதை வந்தால் வீல்சேர் எங்கே போகும்?

புதுச்சேரியில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும், மறுபடி எழும். எழுவதில் நியாயமும் உண்டு. மேடு பள்ளம் இல்லாத ஊர். பழைய நகரத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்தது மாதிரி நேர் வீதிகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு மிதித்தே போய்விடலாம். வாடகை சைக்கிளில் ஒயிட் டவுனைச் சுற்றும் வெளியூர்க்காரர்களை விடுங்கள். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பஸ்ஸுக்கும் டூ வீலருக்கும் நடுவில் அவர்கள் ஒடுங்கிப் போவதைப் பார்த்தால், தனிப் பாதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனால் இந்தப் பேச்சில் வீல்சேரில் போகிறவர்களைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு பதில்கள்தான் வரும். "அவங்களும் அதுலயே போகலாமே, சக்கரம் சக்கரம்தானே" என்பது ஒன்று. "ஏற்கெனவே இருக்கிற தடை போதாதா, இன்னொண்ணா?" என்பது மற்றொன்று. என் பார்வையில் இரண்டிலும் பாதிதான் உண்மை. சைக்கிள் பாதை என்று வந்தாலே சாலையின் இடது ஓரம் கைமாறுகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இந்த ஊரில் எல்லாமே நடப்பது அந்த ஓரத்தில்தான். ஏறுவதும் இறங்குவதும் அங்கே, கடைக்காரரிடம் சாமான் வாங்குவதும் அங்கே. அந்த ஓரம் யார் கைக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதை வரமாகவோ வம்பாகவோ ஆகும்.

முதலில் இன்றைய நிலைமை. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் வீல்சேருக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் நடைபாதைகளுக்கு ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், சாலையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் தமிழர் பகுதி வீதி எதிலாவது டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். வாய்க்கால் மேல் போட்ட பலகைக் கல், அதன் மேல் வீட்டுப் படி, படிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குப் போட்ட சிமெண்ட் சரிவு, அடுத்த வீட்டில் அதைவிட ஒரு சாண் உயரமாக இன்னொரு சரிவு, நடுவில் கரண்ட் கம்பம். வீல்சேரை இதில் தள்ளுவதென்றால் பத்தடிக்கு ஒருமுறை தூக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பல வீதிகளில் நடைபாதைக்கு ஏற வீல்சேருக்குக் கிடைக்கும் ஒரே சாய்தளம் யாரோ தன் பைக்குக்காகப் போட்டுக்கொண்டதுதான்.

அதனால் எல்லோரும் தார்ச் சாலையில்தான் போகிறார்கள், இடது ஓரமாக, சைக்கிள்காரர்கள் போகும் அதே தடத்தில். ஆக, சைக்கிளுக்கும் வீல்சேருக்கும் இங்கே பொதுப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. கோடு போடவில்லை, அவ்வளவுதான்.

இதில் 'வீல்சேரில் போகிறவர்கள்' என்று ஒரே பெயரில் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூட ஒருவர் தள்ள, உட்கார்ந்து போகிறவர் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போவார். கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிளில் போகிறவர் அதைப் போல இரண்டு மடங்கு வேகம் போவார். அந்த வண்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கான்பூரில் இருக்கும் அரசு நிறுவனமான அலிம்கோ செய்து, மானியத் திட்டங்கள் வழியாக நாடு முழுக்கப் போய்ச் சேருவது. அடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். இப்போது புதிதாக, வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொண்டால் அதையே மூன்று சக்கர வண்டியாக்கிவிடும் பேட்டரி இணைப்பும் வந்துவிட்டது. சென்னை ஐஐடியில் உருவாகி 2021-ல் வெளிவந்த நியோபோல்ட் அந்த வகை. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். ஒருவருக்குச் சைக்கிள் பாதை சொர்க்கம், இன்னொருவருக்கு அதில் நுழைய அனுமதியே இல்லை, மூன்றாமவருக்கு அதைக் கடப்பதுதான் தலைவலி என்ற நிலை இதனால்தான் வருகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வீல்சேரின் முன்சக்கரம் சிறியது. இன்டர்லாக் கல் பதித்த நடைபாதையில் ஒவ்வொரு இணைப்பிலும் அது தடதடக்கும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அந்த அதிர்வு வெறும் எரிச்சலோடு நின்றுவிடாது, கால் தசை இழுத்துக்கொள்ளும். சாக்கடைக் கம்பித் தட்டியின் இடைவெளி போகும் திசையிலேயே இருந்துவிட்டால் முன்சக்கரம் அதில் இறங்கி, ஆள் முன்னால் கவிழ்வார். சைக்கிள் பாதையை ஒழுங்காகப் போட்டால் இவை எல்லாமே சரியாகும், ஏனென்றால் மெல்லிய டயர் சைக்கிளுக்கும் இதே பிரச்சினைகள்தான். வழவழப்பான தார், வீட்டுக்கு வீடு ஏறி இறங்காத ஒரே மட்டம், முனை திரும்பும் இடத்தில் படி இல்லாமை. கையால் சுற்றும் வண்டிக்காரர் கேட்பதும் இதைத்தான். நெதர்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகள் நடைபாதை, சைக்கிள் பாதை, சாலை மூன்றில் எதில் வேண்டுமானாலும் போகலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே சைக்கிள் பாதைகளில் முதியவர்களின் பேட்டரி வண்டிகள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இங்கே இந்திய சாலைக் காங்கிரஸ் 2015-ல் சைக்கிள் பாதைகளுக்குத் திருத்திய வழிகாட்டியை வெளியிட்டது. ஒரு திசைப் பாதைக்கு 2 மீட்டர் அகலம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று சக்கர சைக்கிளை ஒரு சாதாரண சைக்கிள் தாண்டிப்போக 2 மீட்டர் போதும். ஒன்றரை மீட்டராகச் சுருக்கினால் போதாது. பின்னால் வருபவர் மணி அடித்துக்கொண்டே வர வேண்டியதுதான்.

சரி, இப்போது வம்பு.

புதுச்சேரியில் எந்த இடத்தைக் காலியாக விட்டாலும் அதில் முதலில் நுழைவது டூ வீலர். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2020-ல் குட்டைத் தூண்களை நட்டுத் தற்காலிகச் சைக்கிள் பாதை போட்டார்கள். அங்கும் டூ வீலர்கள் உள்ளே வந்தன, தூண்கள் உடைந்தன. எனவே இங்கே பாதை போடும் எந்தப் பொறியாளரும் முதலில் யோசிப்பது பைக்கை எப்படித் தடுப்பது என்பதைத்தான். அவர் நுழைவாயிலில் தூண்களை நெருக்கி நடுவார், அல்லது வளைந்து நெளிந்து போகும் இரும்புக் குழாய் வைப்பார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எங்கே போய் முட்டுகிறது என்று தெரியும். ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர். சாதாரண வீல்சேரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் சக்கரத்தைக் கையால் தள்ளுகிறவருக்கு முழங்கைக்கு இடம் வேண்டும், அதனால் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் வீல்சேரைவிட அகலம். அதாவது, வீல்சேரை விடும் எந்த இடைவெளியும் ஸ்கூட்டரையும் விடும். ஸ்கூட்டரைத் தடுக்கும் எந்த இடைவெளியும் வீல்சேரை முதலில் தடுக்கும். தூணை எவ்வளவு சாமர்த்தியமாக நட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பிரிட்டனின் 2020 சைக்கிள் பாதை வழிகாட்டி தூண்களுக்கு இடையே 1.5 மீட்டர் விடச் சொல்கிறது, 1.2 மீட்டர் அகலமுள்ள சைக்கிளையும் மனதில் வைத்து. அங்கே தடுக்க வேண்டியது கார்களை, அதனால் அது அவர்களுக்குச் சரிப்படும். அதை அப்படியே எடுத்துக் காமராஜர் சாலையில் வைத்தால் பாதை முழுக்க ஆக்டிவாதான் ஓடும். பைக்கைத் தடுப்பது கேமராவும் அபராதமும் செய்ய வேண்டிய வேலை. அதை இரும்புக் குழாயிடம் ஒப்படைத்தால் செலவு மிச்சமாகும். அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் வீல்சேரில் இருப்பவர்.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்காரரின் கதை வேறு. அவர் ஓட்டுவது சட்டப்படி மோட்டார் வாகனம். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் உள்ள பேட்டரி வண்டிகள் அந்தக் கணக்கில் வராது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விலக்கு உண்டு. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அது கிடையாது. ஆக, சைக்கிள் பாதையில் அவருக்கு இடமில்லை. அதில் எனக்கும் பெரிய ஆட்சேபம் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சாலையில் போகட்டும். பிரச்சினை அவர் நிற்கும்போது வருகிறது.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு ஸ்கூட்டரில் தினமும் மார்க்கெட் பக்கம் வருவார். இறங்க மாட்டார், இறங்கினால் நடக்க முடியாது. மளிகைக் கடை வாசலில் வண்டியை ஒட்டி நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பார். "என்னண்ணே, துவரம்பருப்பா?" என்று பையன் வாசலுக்கு வருவான். அவர் சீட்டை நீட்டுவார், பையன் சாமானைக் கால் வைக்கும் இடத்தில் அடுக்குவான், சில்லறை கைமாறும். மருந்துக் கடையிலும் இதேதான், செல்போன் ரிப்பேர் கடையிலும் இதேதான். கடைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு கை நீட்டும் தூரம் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. எந்தச் சட்டமும் எந்தத் திட்டமும் இதை அவருக்குக் கொடுக்கவில்லை. ஊர் தானாக உண்டாக்கிக்கொண்ட வசதி இது.

இப்போது அந்த வீதியில் கரை கட்டிய சைக்கிள் பாதை வருகிறது என்று வையுங்கள். இரண்டு மீட்டர் பாதை, அதைச் சாலையிலிருந்து பிரிக்க அரை மீட்டர் சிமெண்ட் கரை. அவர் ஸ்கூட்டர் கடையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, ஓடும் வண்டிகளுக்கு மத்தியில் நிற்க வேண்டும். ஹாரன் அடித்தால் பையனுக்குக் கேட்காது. கேட்டாலும் அவன் கரையைத் தாண்டி நடுச்சாலைக்கு வர வேண்டும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். கால் நல்லபடியாக இருப்பவருக்கு அந்த இரண்டரை மீட்டர் நாலு எட்டு. இவர் மளிகை வாங்க இன்னொருவரை அனுப்ப வேண்டிவரும்.

ஆட்டோவில் வருகிறவர்களுக்கும் இதே கரைதான் எதிரி. ஆட்டோவின் வலது பக்கம் கம்பி போட்டு அடைத்திருக்கும், இறங்குவது இடது பக்கம் மட்டுமே. வீல்சேரை மடித்துப் பின்னால் செருகியிருப்பார்கள். டிரைவர் அதை எடுத்து விரித்து, ஆட்டோவை ஒட்டி, பிரேக் போட்டு வைப்பார். உள்ளே இருப்பவர் ஒரு கையை ஆட்டோ கம்பியிலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி உடம்பை நகர்த்துவார். அந்த ஒரு நிமிடத்துக்கு நாற்காலி சமதரையில் நின்றாக வேண்டும், ஆட்டோவுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இடைவெளி இருக்கக்கூடாது. அங்கே அரை மீட்டர் கரை இருந்தால் நாற்காலி கரை மேலும் நிற்காது, கரைக்கு அப்பாலும் எட்டாது. அப்புறம் ஆளைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். நாற்பது வயது ஆளை இரண்டு பேர் சேர்ந்து நடு வீதியில் தூக்கி இறக்குவது அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பஸ் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இங்கே ஓடும் பெரும்பாலான பஸ்களில் வீல்சேர் ஏற வழியே இல்லை. சாதாரண பஸ்ஸின் தரை மட்டம் சாலையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம், தாழ்தளப் பஸ்ஸில் 40. சென்னையில் நீதிமன்றம் வரை போன நீண்ட சண்டைக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பஸ்கள் திரும்ப வந்தன. இங்கும் அது பரவலாக வரும் நாளில் சைக்கிள் பாதையும் இருந்தால், பஸ் நிறுத்தம் தீவாகிவிடும் வாய்ப்பு உண்டு. சைக்கிள் பாதை நிறுத்தத்துக்குப் பின்னால் சுற்றிப் போகும், பயணி அதைக் கடந்து தீவுக்குப் போய் பஸ் ஏறுவார். லண்டனில் இப்படிப்பட்ட நிறுத்தங்களுக்குப் பார்வையற்றோர் அமைப்புகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன, சத்தமில்லாமல் வரும் சைக்கிளை அவர்களால் உணர முடியாது என்பதால். வீல்சேருக்கு அந்தத் தீவின் அகலம்தான் கேள்வி. பஸ்ஸிலிருந்து இறங்கும் சாய்பலகை ஒரு மீட்டர், நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர், ஆக இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் தீவு வேண்டும். மறைமலை அடிகள் சாலையில் அதற்கு இடம் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மட்டம் பற்றி ஒரு வார்த்தை. சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்பது விதி. 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நடைபாதையின் முழு அகலமே 1.8 மீட்டர்தான் என்றால், குறுக்கே போடும் சாய்தளம் நடைபாதை முழுவதையும் விழுங்கிவிடும். அதனால் கடக்கும் இடங்களில் நடைபாதையையே இருபுறமும் மெதுவாகச் சாய்த்துச் சாலை மட்டத்துக்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள் பாதையை அந்த இடத்தில் மேடாக்கி நடைபாதையோடு சேர்க்க வேண்டும். இரண்டாவது முறையில் சைக்கிளும் தானாக வேகம் குறைக்கும். எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் மழைநீர் போக வழி வைக்காமல் மேடாக்கினால் கதை கந்தல். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழைக்கே தண்ணீர் முதலில் தேங்குவது சாலை ஓரத்தில். இருபுறமும் கரை கட்டிய சைக்கிள் பாதை, கரையில் இடைவெளி இல்லாவிட்டால், மழைக்காலம் முழுக்க வாய்க்காலாகத்தான் இருக்கும். வீல்சேரில் போகிறவர் தண்ணீருக்கடியில் பள்ளம் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்க்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நிறையவே சொல்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41-வது பிரிவில் பஸ் நிலையம், வண்டிகள் மட்டுமல்ல, அணுகத்தக்க சாலைகளையும் அரசின் கடமையாகச் சேர்த்திருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் அணுகல் தொடர்பான 15-வது விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று அதைச் செல்லாததாக்கி, கட்டாய விதிகளை உருவாக்கச் சொன்னது. 2025 மே மாதம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றும் சொன்னது. காகிதத்தில் குறை இல்லை. களத்தில் ஒரே வீதியின் தாரும் நடைபாதையும் கம்பமும் வாய்க்கால் மூடியும் பொதுப்பணித் துறை, நகராட்சி, மின்துறை என்று பிரிந்து கிடக்கின்றன. பழைய நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி நகராட்சி முடிந்து உழவர்கரை நகராட்சி வந்துவிடும். பாதையை ஒருவர் போட, சாய்தளத்தை இன்னொருவர் போட வேண்டும் என்றால், இடையில் விட்டுப்போகும் பத்து சென்டிமீட்டர் படி யாருடைய கோப்பிலும் இருக்காது.

கடற்கரைச் சாலையைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தனியாகச் சைக்கிள் பாதை எதுவும் போடாமலே, ஊரில் வீல்சேருக்கு ஆகச் சிறந்த இடம் அந்த நேரத்தில் அதுதான். மட்டமான தார், வேகமான வண்டி இல்லை, குழந்தைகளோடும் சைக்கிளோடும் கலந்து போகலாம். ஆனால் உள்ளே போவது? தடுப்புகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஆள் நுழையும் அளவுக்கு இருந்துவிட்டால் நாற்காலிக்கு வழியில்லை, யாராவது தடுப்பை நகர்த்த வேண்டும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருகிறவரின் பாடு இன்னும் மோசம். அவருக்கு அந்த ஸ்கூட்டர்தான் கால், கையில் வேறு நாற்காலி கிடையாது. தடுப்புக்கு வெளியே நின்று கடலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காவலுக்கு நிற்பவர் நல்ல மனதுக்காரராக இருந்தால் கையைக் காட்டி உள்ளே விடுவார். மாற்றுத்திறனாளிகளின் வண்டி நடை வேகத்தில் போகலாம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் அந்த நல்ல மனதை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அதனால்தான் பழைய நகரத்துக்குள் தனிப் பாதையே வேண்டாம் என்பது என் கட்சி. ஒயிட் டவுனிலும் மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கமும் ஏழெட்டு மீட்டர் வீதியில் இரண்டு மீட்டரைக் கரை கட்டிப் பிரித்தால், போவது கடைவாசல் ஓரம்தான். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட் வந்துவிட்டால் அந்தப் பாதையில் சட்டைகள்தான் விரித்துக் கிடக்கும். அங்கெல்லாம் முழு வீதியின் வேகத்தையும் 20 கிலோமீட்டராகக் குறைத்து, எல்லோரும் கலந்து போக விடுவது சைக்கிளுக்கும் நல்லது, வீல்சேருக்கும் நல்லது. தனிப் பாதை வேண்டியது கடலூர் சாலை, காமராஜர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி பஸ்ஸும் லாரியும் விரட்டும் இடங்களில். கடலூரில் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகும் சாலையையும் இதில் சேர்க்கலாம். அங்கே ஓரத்தில் கடை வாசல்கள் குறைவு, மாலையில் மிதிக்கிற கூட்டம் அதிகம்.

இந்த இடங்களிலும் கரை தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. மருத்துவமனை, வங்கி, ரேஷன் கடை, பள்ளி என்று ஆட்டோ நின்றாக வேண்டிய இடங்களைக் குறித்து, அங்கே ஆறேழு மீட்டருக்குக் கரையை விட்டுவிட்டு, ஏறி இறங்கும் இடம் என்று நிறம் பூசிவிடலாம். அந்த இடங்கள் எவை என்பது வரைபடம் போடுபவருக்குத் தெரியாது. அந்தச் சாலையில் தினமும் ஆட்டோ ஓட்டுபவருக்கும், அதில் வீல்சேரோடு வருபவருக்கும் தெரியும். சிமெண்ட் போடுவதற்கு முன்னால் பெயிண்டையும் மணல் மூட்டையையும் வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம், செலவு அதிகம் ஆகாது. கரையை வார்த்த பிறகு ஒரு மீட்டர் உடைக்க வேண்டுமென்றாலும் மதிப்பீடு, டெண்டர், ஒப்புதல் என்று ஒரு மழைக்காலம் போய்விடும். அதற்குள் அந்த இடத்தில் யாராவது ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள், அனேகமாகத் தன் பைக்கை ஏற்றுவதற்கு.